காரிடார் யாருடையது? துளசித் தொட்டியும் நகர மன்ற விதிகளும்

ஒரு வாசகியின் கேள்வி, 18 ஆகஸ்ட் 2025

"எங்கள் வாசலில் பல வருடமாக இருக்கும் துளசித் தொட்டியை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். எதிர் புளோக்கில் ஒருவர் காரிடாரையே காடாக்கி வைத்திருக்கிறார், அவரை ஏன் என்று கேட்க ஆளில்லை. நகர மன்றத்துக்கு இந்த அதிகாரத்தை யார் கொடுத்தது? என்னைக் கேட்டால் இது நம் சாமி விஷயத்தில் கை வைப்பது."

18 ஆகஸ்ட், இரவு

அதிகாரம் கொடுத்தது சிங்கப்பூர் நாடாளுமன்றம். முன்பெல்லாம் புளோக்கைப் பெருக்குவது முதல் லிஃப்ட் பழுது வரை எல்லாம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவகதான். 1986இல் அங் மோ கியோ பேட்டையில் முன்னோட்டமாக நகர மன்றத்தை ஆரம்பித்தார்கள். 1988இல் நகர மன்றங்கள் சட்டம் வந்தது. அதன்கீழ் ஒவ்வொரு நகர மன்றமும் பொது இடங்களுக்குத் தனித்தனியாகத் துணை விதிகள் போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுபோலத்தான் இருக்கும், ஆனாலும் உங்கள் பேட்டைக்கு உரியதைத் தேடிப் படியுங்கள். அரசாங்கச் சட்டத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

இடம் வீவகவுடையது, பராமரிப்பு நகர மன்றத்துடையது. நாம் வாங்கியது கதவுக்கு உள்ளே இருப்பதன் 99 ஆண்டுக் குத்தகையைத்தான். வாசலுக்கு வெளியே இருக்கும் சிமென்ட் தரையைத் தினமும் நாம்தான் கழுவுகிறோம். அதற்காக அது நம்முடையது ஆகிவிடாது.

சாமி விஷயம் என்றீர்கள். விதியில் சாமியும் இல்லை, துளசியும் இல்லை. வழியை அடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

19 ஆகஸ்ட்

எத்தனை அடி விட வேண்டும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 1.2 மீட்டர். இது குடிமைத் தற்காப்புப் படையின் தீப் பாதுகாப்புக் கணக்கு. பொருளை வைத்த பிறகு நடக்க மிச்சம் இருக்கும் அகலம் அவ்வளவு இருக்க வேண்டும். ஏறக்குறைய நாலடி.

இன்று காலை டேப் எடுத்து எங்கள் காரிடாரை அளந்தேன். சுவரிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை நாலரை அடி. அதாவது ஒரு பொருள் அரை அடிக்கு மேல் துருத்தினால் போச்சு. சாதாரண மண் தொட்டியே முக்கால் அடி இருக்கும், துளசி மாடத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். மாதவியிடம் காட்டினால், "அப்போ செருப்பை எங்கே விடுவது?" என்கிறாள் என் மருமகள். ஒன்றின்மேல் ஒன்றாகச் செருப்பைச் செங்குத்தாக நிறுத்தும் ஒல்லியான ராக் முஸ்தபா கடையில் கிடைக்கிறது. ஐகியாவிலும் உண்டு.

புதிய புளோக்குகள் பலவற்றில் வாசலுக்கு முன்னால் நீளக் காரிடாரே கிடையாது, சில வீடுகளுக்கு ஒரு லிஃப்ட் முகப்பு, அவ்வளவுதான். இந்தச் சண்டை முக்கால்வாசி எழுபது, எண்பதுகளில் கட்டிய நீள புளோக்குக்காரர்களின் சண்டை.

19 ஆகஸ்ட், பிற்பகல்

விட்டுப்போனது: இந்த 1.2 கணக்கெல்லாம் காரிடாருக்கு மட்டும். மாடிப்படியில், படித் திருப்பத்தில் எதுவும் கூடாது. பழைய சோபாவைப் படித் திருப்பத்தில் வைத்துவிட்டு "தற்காலிகமாக" என்று எழுதி ஒட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்தச் சோபா எந்தப் பொதுத் தேர்தலின்போது அங்கே வந்தது என்பதும் தெரியும்.

23 ஆகஸ்ட்

எதிர் புளோக் காட்டுக்காரரை ஏன் கேட்கவில்லை என்பதற்கு வருகிறேன். அவர்மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை, வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

நகர மன்ற அதிகாரி தினமும் டேப்போடு மாடி மாடியாக ஏறுவதில்லை. ஏறினால் வேறு வேலை நடக்காது. ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புகிறார், அதன்பின் ஆள் வருகிறார். ஒன்சர்வீஸ் செயலி 2015இல் வந்த பிறகு இது இன்னும் சுலபம். முன்பு புகார் செய்ய வேண்டுமென்றால் அலுவலகத்துக்குப் போன் போட வேண்டும், பெயர் சொல்ல வேண்டும், ஆங்கிலம் வராதவர்கள் பிள்ளைகளைக் கெஞ்ச வேண்டும். இப்போது லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது.

ஆக, புத்தகத்தில் விதி எல்லாருக்கும் ஒன்று. புகார் வரும்வரை அது தூங்குகிறது. உங்கள் அடுத்த வீட்டுக்காரர்தான் உங்கள் நகர மன்றம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் செருப்பு ராக்கில் ஆரஞ்சு நிற நோட்டீஸ். இந்தத் தேதிக்குள் எடுக்காவிட்டால் நாங்களே அப்புறப்படுத்துவோம் என்ற வாசகம். எடுத்தேன், அதோடு முடிந்தது. முடியாதது என்னவென்றால் அதற்குப் பிறகு வந்த நாள்கள். லிஃப்டில் யாரைப் பார்த்தாலும் "இவராக இருக்குமோ" என்றே ஓடியது. ஹரி ராயாவுக்கு எங்களுக்கு ரெண்டாங் கறி கொடுத்தனுப்பும் மலாய்க்கார மக்சிக்கைக்கூடச் சந்தேகப்பட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்முனை வீட்டு அங்கிள் அன்று வழக்கத்துக்கு மாறாகச் சிரித்தார், அதுவும் கணக்கில் சேர்ந்தது. புகார் கொடுத்தவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. யார் என்று இன்றுவரை தெரியாது.

24 ஆகஸ்ட்

"நேரில் வந்து சொல்லத் துணிவில்லாதவன்தான் செயலியில் புகார் கொடுப்பான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நேற்று எழுதியதைப் படித்தால் நானும் அதே கட்சி என்று தோன்றும். முழுக்க அப்படி இல்லை.

எங்கள் ராக் போன மறு வருடம், ஒரு இரவு, அதே எதிர்முனை வீட்டு அங்கிள் குளியலறையில் விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. காரிடார் வளைகிற இடத்தில் ஒரு வீட்டுக்காரர் மூன்று சக்கர சைக்கிளும் துணி காயவைக்கும் கம்பியும் வைத்திருந்தார். ஸ்ட்ரெச்சரின் முன்பக்கம் திரும்பிவிட்டது, பின்பக்கம் திரும்பவில்லை. ஒரு பையன், இருபது இருபத்தொரு வயதிருக்கும், கட்டாயத் தேசிய சேவையில் இருப்பவன் போல, சைக்கிளை ஒரு கையால் தூக்கி என்னிடம் கொடுத்து "ஆண்ட்டி, ஹோல்டு" என்றான். நான் நைட்டியோடு சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறேன். துணிக் கம்பி கவிழ்ந்து யாருடைய பள்ளிச் சீருடையோ ஸ்ட்ரெச்சர் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. அதைப் பிரித்தெடுக்க ஆன நேரம் அரை நிமிடம்கூட இருக்காது. அங்கிளின் மனைவிக்கு அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

அங்கிள் பிழைத்துக்கொண்டார். இப்போது சக்கர நாற்காலி. அவர் மகன் யார் வீட்டுச் சாமானைப் படம் பிடித்து அனுப்பினாலும் நான் அவனைக் கோழை என்று சொல்ல மாட்டேன். அப்புறம், நேரில் போய்ச் சொல்வது என்பது எல்லாருக்கும் முடிகிற காரியமா? நான் அங்கே குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எந்த மொழியும் போதவில்லை.

30 ஆகஸ்ட்

சீனர்கள் இறந்தவர்களுக்குக் காகிதம் எரித்துப் படைக்கும் ஏழாம் மாதம் நடக்கிறது. "அவர்கள் காகிதம் எரித்து ஊரெல்லாம் சாம்பல் பறக்கிறது, அதைக் கேட்க மாட்டார்கள், நம் தொட்டியைத்தான் கேட்பார்கள்" என்று இரண்டு பதிவுகள். இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கென நகர மன்றம் எரிகலன் வைத்திருக்கிறது. அதை விட்டுப் புல்லில் எரிப்பவர்மேலும் புகார் போகத்தான் செய்கிறது. நம் வீட்டுச் சாம்பிராணிப் புகை வெள்ளிக்கிழமை எத்தனை வீட்டுக்குள் போகிறது என்று யாராவது அடுத்த வீட்டு ஆண்ட்டியைக் கேட்டிருக்கிறோமா?

2 செப்டம்பர்

"விதி என்றால் விதி, மாறாது" என்பவருக்கு ஒரே பதில்: பூனை.

வீவக வீட்டில் பூனை வளர்க்கக் கூடாது என்பது 1989 முதல் இருந்த தடை. எங்கள் புளோக்கில் மட்டும் எத்தனை வீட்டில் பூனை இருந்தது என்று மீன் கடைக்காரருக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரிந்து, யாரும் பேசாமல் ஓடியது. மேல்வீட்டுக்காரரோடு தகராறு வந்தால் அன்றைக்குப் பூனை சட்டவிரோதம். 2012இல் சோங் பாங் பேட்டையில் சில புளோக்குகளில் மட்டும் அனுமதித்துப் பார்த்தார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு இரண்டு பூனை வளர்க்கலாம், உரிமம் எடுக்க வேண்டும், உடம்பில் சிப் இருக்க வேண்டும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் உரிமம் எடுக்க 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் உண்டு, அதனால் இதைப் படிக்கும் பூனைக்காரர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

முப்பத்தைந்து வருடம் தூங்கிய விதி. பூனைக்குச் சங்கம் இருந்தது, எழுதிக்கொண்டே இருந்தார்கள். துளசிக்கு நாம் ஆளுக்கொரு புலம்பல்தான் வைத்திருக்கிறோம்.

21 செப்டம்பர், மகாளய அமாவாசை

இன்று காக்கைக்குச் சோறு வைக்கலாமா என்று காலையிலிருந்து கேள்வி.

கறாராகச் சொன்னால் கூடாது. இது நகர மன்ற விதியே இல்லை, அதற்கு மேலே. வனவிலங்குச் சட்டத்தின்கீழ் புறா உள்ளிட்ட பறவைகளுக்குப் பொது இடத்தில் உணவிடுவது குற்றம். முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரை, திரும்பச் செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம். தேசியப் பூங்காக் கழகம் பார்த்துக்கொள்கிறது. "பித்ருவுக்கு வைக்கிறேன்" என்று நீதிமன்றத்தில் சொல்லிப் பார்க்க யாருக்கும் ஆசை இருக்காது என்று நினைக்கிறேன்.

எனக்கு இதில் மனசு இரண்டாகத்தான் இருக்கிறது. மாமியார் இருந்தவரை புளோக் பின்னால் மரத்தடியில் வாழை இலைத் துண்டில் வைப்போம். காக்கை வந்து எடுத்தால்தான் அவர் வாயில் தண்ணீர் படும். இதை மூடநம்பிக்கை என்று சொல்லிக் கடக்க என்னால் முடியாது. ஆனால் மறுநாள் காலை அந்த மரத்தடியைப் பார்த்திருக்கிறேன். காக்கை தின்றது நாலு பருக்கை. மீதி வடிகால் கம்பிக்குள் விழுந்து ஊறியிருந்தது. துப்புரவு செய்யும் பங்களாதேஷ் தம்பி குத்துக்காலிட்டு, கம்பி இடுக்கிலிருந்து சோற்றைக் குச்சியால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எலிப் பொறி. அவரிடம் என்ன பேசுவது? காலை வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது எங்கள் வீட்டில் படைத்துவிட்டு முதல் பிடியை ஒரு வயதானவருக்குச் சாப்பாடாகக் கொடுத்துவிடுகிறோம். இது சாஸ்திரப்படி சரியா என்று என்னைக் கேட்காதீர்கள், ஐயரைக் கேளுங்கள்.

22 செப்டம்பர்

நேற்றைய காக்கைப் பேச்சுக்கு ஒரு ஒட்டு. இங்கே நாம் பார்க்கும் வீட்டுக் காக்கை இந்த மண்ணின் பறவை இல்லை. தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று சிலோனிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள், அங்கிருந்து மெல்லத் தெற்கே இறங்கியது. தோட்ட வேலைக்கு வந்து, பிறகு சிங்கப்பூரில் தங்கிவிட்டது. நம் ஆள்தான்.

"அப்படியானால் அதற்கும் வீடு வாங்கும்போது இன ஒதுக்கீடு உண்டா?" என்று கேட்டவருக்கு: 1989இல் வந்த அந்தக் கொள்கையைப் பற்றி இங்கே ஆரம்பித்தால் துளசி வாடிவிடும். ஒவ்வொரு புளோக்கிலும் இனவாரியாக வரம்பு உண்டு, சீனர் வரம்பு நிரம்பியிருந்தால் நம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது, விலை இறங்கும் என்பது உண்மைதான். என் தங்கை அதில் அடிபட்டவள். தனி இழை போடுங்கள், வருகிறேன்.

5 அக்டோபர்

ஒரு தொட்டிக்கு எத்தனை பேர் அதிகாரம் என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வரும். வழியை அடைத்தால் நகர மன்றம். தீ விபத்துக்கு இடைஞ்சல் என்றால் குடிமைத் தற்காப்புப் படை. தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் நின்றால் தேசியச் சுற்றுப்புற வாரியம்.

மூன்றில் கடைசிதான் வீட்டுக்கே வரும். எங்கள் பக்கம் டெங்கிக் காய்ச்சல் கொத்தாகப் பரவுகிறது என்று அறிவித்தபோது எங்கள் மாடிக்கு ஓர் அம்மா வந்தார். சீருடை, கைவிளக்கு, சின்னக் கரண்டி. காரிடாரில் இருந்த ஒவ்வொரு தொட்டியையும் சாய்த்துப் பார்த்தார். என் ரோஜாத் தொட்டியின் தட்டு காய்ந்திருந்தது. அதற்கு அவர் தலையாட்டியதைப் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் வாங்கியதுபோல எடுத்துக்கொண்டேன். பிறகு நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்காத இடத்துக்குப் போனார்: சமையலறை ஜன்னலுக்கு வெளியே, துணி காயவைக்கும் மூங்கில் கழி செருகும் குழாய்கள். கழி இல்லாதபோது அதில் மழைத் தண்ணீர் நிற்கும், அதில் ஏடிஸ் கொசு முட்டையிடும். மூடி போட வேண்டும். பழைய புளோக்குக்காரர்கள் இன்றே போய்ப் பாருங்கள். வீட்டில் கொசுப் புழு கண்டால் அபராதம் 200 வெள்ளியில் ஆரம்பிக்கிறது, இதில் அடுத்த வீட்டார் புகாரே தேவையில்லை.

23 ஆகஸ்டில் "புகார் வரும்வரை விதி தூங்குகிறது" என்றேன். கொசு மட்டும் விலக்கு. அது தூங்க விடாது.

12 அக்டோபர்

தீபாவளி வருகிறது, வழக்கமான கேள்விகளுக்கு மொத்தமாக:

வாசல் நிலையில் மாவிலைத் தோரணம் கட்டுவதில் ஒரு பிரச்சினையும் இல்லை. ரங்கோலி போட்டால் தண்ணீரில் கரையும் பொடியாகப் போடுங்கள், கடந்த வருடம் எங்கள் மாடியில் ஒருவர் எனாமல் பெயின்டில் போட்டுவிட்டார். அழகு, சொல்லக் கூடாது. ஆனால் மயில் இன்னும் அங்கேயே இருக்கிறது. அகல் விளக்கைக் கைப்பிடிச் சுவர்மேல் வரிசையாக வைக்காதீர்கள், கீழே பிள்ளைகள் நடக்கிறார்கள். தரையில், சுவரோரம், தட்டு வைத்து, அணையும்வரை ஒரு ஆள் அருகில்.

பட்டாசு கேட்ட தம்பிக்கு: 1972இலேயே முழுத் தடை. ஜோகூரிலிருந்து நாலு சரம் கொண்டுவரலாமே என்று எழுதியதை நீங்களே அழித்துவிடுங்கள்.

இரவு பத்தரை மணிக்கு மேல் பாட்டுச் சத்தத்தைக் குறைத்துவிடுவது வழக்கம். அதற்கு முன்னால் ஒரு தட்டு முறுக்கோடு மேல்வீடு, கீழ்வீடு, இரு பக்க வீடு என்று ஒரு சுற்று போய்வந்தால் பதினொன்று வரைகூடப் பொறுத்துக்கொள்வார்கள். இது எந்தத் துணை விதியிலும் இல்லை.

21 அக்டோபர்

முறுக்கு வேலை செய்தது. மேல்வீட்டுக்காரர் இன்று தட்டைத் திருப்பித் தந்தார், அதில் மாண்டரின் ஆரஞ்சு.

2 நவம்பர்

கேள்வி கேட்ட வாசகி திரும்ப எழுதியிருக்கிறார். நோட்டீஸில் இருந்த எண்ணுக்கு அழைத்து, அளந்த கணக்கைச் சொல்லி, அதிகாரியை நேரில் வரச் சொன்னாராம். சிமென்ட் மாடத்தை ஏற்கவில்லை. சுவரோடு ஒட்டி நிற்கும் ஒடுக்கமான தொட்டியைக் காட்டியபோது, 1.2 மீட்டர் மிச்சம் இருந்தால் ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இதை வைத்து எல்லாப் பேட்டையிலும் இப்படித்தான் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அவருடைய பேட்டை, அவருடைய துணை விதி, அன்றைக்கு வந்த அதிகாரி. மே மாதத் தேர்தலுக்குப் பிறகு தொகுதி எல்லை மாறிய புளோக்காக இருந்தால் முதலில் உங்கள் நகர மன்றம் எது என்று பாருங்கள். புளோக் நகராது, பெயர்ப்பலகை நகரும்.

அடுத்த வீட்டாரோடே நேரடிச் சிக்கல் என்றால் நகர மன்றத்தை இழுக்க வேண்டாம், சமூகச் சமரச நிலையம் இருக்கிறது. அங்கேயும் ஆகவில்லை என்றால் 2015 முதல் இதற்கென்றே ஒரு நடுவர் மன்றம் உண்டு. இரண்டுக்கும் போகாமல் முடிந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

2 நவம்பர், இரவு

இப்போதுதான் பார்த்தேன். "தரையில்தானே கூடாது, கைப்பிடிச் சுவர்மேல் துளசியை வைத்தால் வெயிலும் கிடைக்கும், வழியும் அடைபடாது" என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார், அதற்கு ஐந்து பேர் விருப்பக்குறி.

தயவுசெய்து வேண்டாம். பத்தாவது மாடியிலிருந்து ஒரு தொட்டி விழுந்தால் கீழே என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. மேலிருந்து ஆளைக் கொல்லும் பொருள் விழுந்தால் அபராதம், சிறை மட்டும் இல்லை, வீவக வீட்டையே திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். விருப்பக்குறி போட்ட ஐந்து பேரும் எடுத்துவிடுங்கள்.